எதிர்க் கட்டடம்

தென்கரை நகர், சென்னை
21.1.2024

அன்புள்ள அக்காவுக்கு, பழனியாத்தாள் எழுதுவது. உங்களுக்கும் மாமாவுக்கும் உடம்பு சௌகரியந்தானே? இங்கே நான், இவர், இனியா மூன்று பேரும் சுகம். தறிச் சத்தத்தில் போன உங்கள் காதுக்குப் போன் பேச்சு எட்டுவதில்லை. மாமா வாங்கிச் சொன்னால் ஒன்று இன்னொன்றாகிவிடுகிறது. அதனால் கடிதமே போடுகிறேன்.

பொங்கலுக்கு முன்பே ஆற்றோரத்து வீட்டைக் காலி செய்துவிட்டோம். இப்போது இருப்பது ஊரின் தெற்குக் கோடியில், கடற்கரைக்குப் போகிற பெரிய ரோட்டை ஒட்டி. அடுக்குமாடிக் கட்டடம். எங்களுக்கு எட்டாவது மாடி. தரைக்கு டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், குளியலறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தாலும் இனிச் சாமானைப் பரண் மேல் ஏற்ற வேண்டாம். எப்படிக் கிடைத்தது என்பதையெல்லாம் நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

இவருக்குப் பெயிண்டிங் வேலை முன்போல இல்லை, இடம் புதிது அல்லவா. இனியா இரத்தப் பரிசோதனை லேபில்தான் இருக்கிறாள். உங்கள் முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
பழனா

*

சோமனூர்
18.2.2024

என் கண்ணு பழனாவுக்கு, அக்கா மாசாணியம்மாள். முட்டி வலி அப்படியே இருக்கிறது, நான்தான் அதற்குப் பழகிவிட்டேன். உன் மாமாவுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. எட்டுத் தறியில் ஐந்துதான் ஓடுகிறது, பாவு நூல் வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே நூல் கொண்டுவரும் பெண்களிடமும் கோயிலில் பார்த்தவர்களிடமும் சொல்லிவிட்டேன். என் தங்கச்சி சென்னையில் ஃப்ளாட்டுக்குப் போய்விட்டாள் என்று சொல்லும்போது வாய் இனித்தது. உன் மாமாகூட, "அட, சாமுவேல் தேறிட்டானே, பரவால்லையே" என்றார். உன் வீட்டுக்காரரைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை இதுதான் என்பது உனக்கும் தெரியும்.

இன்னொரு விசேசம். கிணத்துக்கடவில் நம்ம சனத்தில் ஒரு பையன், பேர் கதிர். பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இனியாவின் அப்பா சர்ச்சுக்குப் போகிறவர் என்பதை முதலிலேயே சொன்னேன். "எங்க சித்தப்பா ஊடும் சர்ச்சுதானுங்க" என்று விட்டுவிட்டார்கள். உங்கள் ஃப்ளாட்டைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பையனின் அம்மா நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை வருகிறார்களாம். அப்படியே பெண்ணை உங்கள் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்கிறார்கள். நானும் உன் மாமாவும் கூட வருவோம். புது வீட்டைப் பார்த்தது போலவும் ஆகும்.

சரியென்று உடனே எழுது, அம்மணி. மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அக்கா

*

சென்னை
24.3.2024

அன்புள்ள அக்காவுக்கு, பழனா. சளி விட்டதில் சந்தோசம். மாமாவைச் சுடுதண்ணீரே குடிக்கச் சொல்லுங்கள். இங்கே எல்லாரும் நலம்.

பையன் விவரம் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே வேண்டாம் அக்கா. வைகாசி வெயிலில் வருகிறவர்களுக்குச் சிரமம். லிஃப்டும் ரிப்பேராகிக் கிடக்கிறது. நான் இனியாவைச் சோமனூருக்கே கூட்டி வருகிறேன், உங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கட்டும். அதுதான் முறையாகவும் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு விசேசமில்லை.

பழனா

*

சோமனூர்
5.4.2024

பழனாவுக்கு அக்கா எழுதுவது. நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

ஒரு மாசம் கழித்து எழுதினாய், அதில் பத்து வரி. பெண்ணுக்கு வீடு இருக்கும்போது பெரியம்மா வீட்டில் வைத்துப் பார்ப்பது எந்த ஊர் முறை? நான் அந்த அம்மாளிடம் சொன்னேன். "ஏனுங்க, அவியளுக்கு ஊட்டக் காட்டறதுல ஏதாச்சும் சங்கடமுங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், எனக்குத்தான் சுருக்கென்றது.

இனியாவுக்கு வேறு யாரையாவது பிடித்திருக்கிறதா? உன் வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லையா? நீங்கள் இரண்டு பேரும் சண்டையா? எதுவாக இருந்தாலும் சொல். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளிடம் உனக்கு என்ன மறைவு?

பதில் வரும்வரை சோறு இறங்காது.

மாசாணியம்மாள்

*

தென்கரை நகர்
22.4.2024

அன்புள்ள அக்காவுக்கு, உங்களுக்குச் சோறு இறங்காது என்று படித்த பிறகு எனக்கும் இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான்.

இனியா மனசில் அப்படி யாரும் இல்லை. எங்களுக்குள் சண்டையும் இல்லை. வீடுதான் அக்கா. ஆற்றோரத்தை இடித்துவிட்டு எங்களையெல்லாம் லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு கட்டடத்தில் நூறு குடித்தனத்துக்கு மேல். அந்த மாதிரிக் கட்டடங்கள் கண்ணுக்கு எட்டின தூரம் வரை நிற்கின்றன. எங்களுக்கு ஒரு அறை, ஒரு சமையல் மூலை. லிஃப்ட் ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள் அதிகம்.

வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். மழை ஒழுகுவதில்லை. பேர்தான் மோசம். தென்கரை நகர் என்றால் ஆட்டோக்காரர் திரும்பிப் போய்விடுகிறார். எங்கே திருட்டு நடந்தாலும் போலீஸ் இங்கே வந்து பையன்களை வண்டியில் ஏற்றுகிறது. இனியா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கேட்டுப் போய், எல்லாம் பேசி முடித்து, கடைசியில் அட்ரஸ் கேட்டிருக்கிறார்கள். சொன்னதும், "நாங்களே போன் பண்றோம்மா." அதற்கப்புறம் போன் வரவில்லை. இப்போது இருக்கிற லேபில் கூட வேலை செய்யும் லோகப்பிரியாவின் அட்ரஸைத்தான் கொடுத்திருக்கிறாள். பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து வருகிறாள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு எதிரில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், நீச்சல்குளம் வைத்த பெரிய அபார்ட்மெண்ட் இருக்கிறது. அதில் நாலு வீட்டில் நான் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைக்கிறேன். வயிற்றுப்பாடு அதில்தான் ஓடுகிறது.

நீங்கள் ஊரெல்லாம் ஃப்ளாட் என்று சொன்னதை எழுதியபோதே நான் மறுத்திருக்க வேண்டும். படிக்க நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன். மாமாவிடம் சொல்ல வேண்டாம். முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழனா

*

சோமனூர்
2.5.2024

கண்ணு பழனா, நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை உன் மாமா கண்ணில் படாமல் கிழித்துப்போட்டேன்.

உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் வார்த்தை என் வாயிலிருந்து போய்விட்டது. இப்போது திருப்பிச் சொன்னால் நான் பொய்க்காரி, உன் மாமா முன்னால் உன் வீட்டுக்காரர் மறுபடியும் பழைய சாமுவேல். இனியாவுக்கு இப்படி ஒரு இடம் இன்னொரு தடவை அமையுமா என்பதையும் நினைத்துப் பார்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நீ வேலை செய்யும் வீடுகளில் யாராவது நல்ல மனசுக்காரர்கள் ஒரு மத்தியானம் வீட்டைக் கொடுப்பார்களா? வந்து காபி குடித்துப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கல்யாணம் ஆனால் அவள் கிணத்துக்கடவில் இருக்கப்போகிறாள். அப்புறம் சென்னை வீட்டை யார் கேட்கப்போகிறார்கள்?

இனியாவுக்கு ஒரு சேலை கூரியரில் அனுப்பியிருக்கிறேன், மயில்கழுத்து நிறம். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா

*

சென்னை
14.5.2024

அக்காவுக்கு, எல்லாரும் சுகம். சேலை வந்தது, அவளுக்கு எடுப்பாக இருக்கிறது.

ஒரு வீடு ஏற்பாடாகியிருக்கிறது. சைத்ரா என்று ஒரு அம்மா, பள்ளி லீவுக்குக் குடும்பத்தோடு பெங்களூர் போகிறார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவி என்னிடம்தான் இருக்கும். இருபத்தாறாம் தேதி ஞாயிறு, கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் வாருங்கள். கேட்டில் இருக்கும் காவலாள் எங்கள் பிளாக்கில் குடியிருப்பவர், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் கீழே நிற்பேன். நீங்கள் என்னோடு பெரிய லிஃப்டில் ஏறுங்கள்.

இவர் வர மாட்டேன் என்கிறார். வெளியூர் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். பத்திரமாக வந்து சேருங்கள்.

பழனா

*

சோமனூர்
20.6.2024

பழனாவுக்கு, நாங்கள் நலமாக ஊர் வந்து சேர்ந்தோம். சேர்ந்து ஒரு மாசம் ஆகப்போகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது? இனியா எப்படி இருக்கிறாள்?

அன்று என்ன நடந்ததென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன். மீதியை நீ எழுது.

வீடு அரண்மனை போல இருந்தது. சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாக இருந்தது, எந்தப் படத்தையோ கழற்றியிருக்கிறாய் என்று புரிந்தது. எல்லாரும் சோபாவில் உட்கார்ந்தோம். நீ தரையில் சம்மணம் போட்டாய். நான் கண்ணைக் காட்டினேன். எழுந்து சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாய், கொஞ்ச நேரத்தில் மறுபடி தரைக்கே போய்விட்டாய். அந்த வீட்டில் நீ சோபாவில் உட்கார்ந்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தைத்தது.

இனியா காபி கொண்டுவந்தாள். கதிர் அவளிடம் ஏதோ கேட்க, அவள் சிரித்தாள். கூடி வருகிறது என்று நினைத்து நான் பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அப்போது எல்லாரும் ஒரே சமயத்தில் வாசல் பக்கம் திரும்பினார்கள். நானும் பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை. கதவு திறந்திருந்தது, வெளியே நம் செருப்புகள் கிடந்தன, அவ்வளவுதான். யாரும் இல்லாத வாசலைப் பார்த்து உன் முகம் ஏன் அப்படிச் செத்துப்போயிற்று? என்ன செய்வதென்று தெரியாமல் கதிரின் அப்பாவிடம் தட்டை நீட்டி, "சூடா இருக்குதுங்க, எடுத்துக்குங்க" என்றேன். அவர் எடுக்கவில்லை. பையனிடம் நீட்டினேன். பிறகு அந்த அம்மாளிடம். சிரித்த முகமாக நீட்டிக்கொண்டே இருந்தேன் பழனா. இனியா வந்து என் கையிலிருந்து தட்டை வாங்கி வைத்தாள். உன் மாமா என் தோளைத் தொட்டு, போகலாம் என்று ஜாடை காட்டினார்.

உன் மாமாவைக் கேட்டால், "சாதகம் ஒத்து வர்ல" என்கிறார். கிணத்துக்கடவிலிருந்து பேச்சில்லை. நீயாவது சொல்.

அக்கா

*

தென்கரை நகர்
8.9.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு, இனியா எழுதுகிறேன். நீங்களும் பெரியப்பாவும் நலமாக இருக்கிறீர்களா? இங்கே அப்பாவும் நானும் நலம். அம்மாவும் நலம் என்றுதான் எழுதச் சொல்வார்.

அம்மாவுக்கு நீங்கள் போட்ட மூன்று கடிதமும் வந்தன. பதில் எழுத உட்காருகிறார், உங்கள் பேரை எழுதியதும் எழுந்துவிடுகிறார். அதனால் நான் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

சைத்ரா அக்காவிடம் கேட்டாயா என்று நான் அம்மாவிடம் கேட்டேன். "கேட்டுட்டேன் கண்ணு, சரின்னுட்டாங்க" என்றார். நம்பினேன். நம்புவதற்கு எனக்கும் ஆசையாக இருந்தது.

நீங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது கதிரின் அம்மா காற்றாட என்னை பால்கனிக்குக் கூட்டிப் போனார், நினைவிருக்கிறதா? அங்கிருந்து பார்த்தால் நேரே எங்கள் பிளாக். துணி காய்கிற வராந்தா, உடைந்த ஜன்னல் எல்லாம் தெரிந்தது. எட்டாவது மாடியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கதிரின் அம்மா, "அதென்ன கண்ணு, புறாக்கூண்டாட்ட? ஆரு இருக்கறாங்க அதுல?" என்று கேட்டார். நான், "ஹவுசிங் போர்டுங்க, யாரோ இருக்காங்க" என்றேன்.

யாரோ என்று சொன்னேன் பெரியம்மா. அப்பாவுக்கு அது கேட்டிருக்காது. ஆனால் நான் அவரைப் பார்த்த பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனதை அவர் பார்த்திருப்பார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியாதது. அந்த வீட்டுக் காலிங்பெல்லில் கேமரா இருக்கிறது. வாசலில் ஆள் அசைந்தால் சைத்ரா அக்காவின் போனுக்குப் படம் போகும், அங்கிருந்தே பேசவும் முடியும். அது படம் அனுப்பும், பேசும் என்றெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. நீங்கள் ஏறி வந்தபோது அக்கா போனைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பெரியப்பா செருப்புப் பக்கம் நின்று போன் பேசிவிட்டு உள்ளே வந்தார் அல்லவா, அதற்குப் பின்னாலேயே பெல்லிலிருந்து குரல் வந்தது. "பழனி! யாரு இவங்கல்லாம்? என் வீட்டுல என்ன நடக்குது?"

மறுபடியும், "பழனி, நீ உள்ள இருக்கேன்னு தெரியும். பதில் சொல்லு" என்றது. அம்மாவால் எழ முடியவில்லை. நீங்கள் பஜ்ஜித் தட்டை நீட்டிக்கொண்டிருந்தீர்கள்.

நான் தட்டை வாங்கி வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். பெல்லைப் பார்த்து, "அக்கா, நான் பழனி பொண்ணு இனியா. என்னைப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க. உங்ககிட்ட கேக்காம பண்ணிட்டோம். தப்புதான். இப்பவே கெளம்பிடறோம்" என்றேன். "சீக்கிரம் போங்க" என்று மட்டும் வந்தது.

கதிரின் அம்மா என் அம்மாவைப் பார்த்து, "இது உங்க ஊடு இல்லீங்களா?" என்றார். அம்மா, "இல்லீங்க" என்றார். கதிரின் அப்பா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரிங்க, நாங்க பொறப்படறமுங்க. காப்பி நல்லா இருந்துச்சுங்க" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "எங்க வீடு எதிர்லதாங்க. எட்டாவது மாடி. அப்பா அங்கதான் இருக்காரு. வந்து பாத்துட்டுப் போங்க" என்றேன். கதிர் தன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா திரும்பி நின்று ஏதோ சொன்னார், அது முக்கியமில்லை. எல்லாரும் போய்விட்டீர்கள்.

அம்மா சோபாவைத் துடைத்தார். படத்தை மாட்டினார். டம்ளர்களைக் கழுவி வைத்தார். பிறகு நாங்கள் வேலைக்காரர் லிஃப்டில் இறங்கினோம். நான் உங்கள் சேலையில் இருந்தேன். அந்த லிஃப்டில் வந்தவர்கள் எங்கே விசேசம் என்று கேட்டார்கள்.

கேமராப் படத்தை யாரோ அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். நாலு வீட்டு வேலையும் போயிற்று. அதைவிட அம்மாவுக்கு, உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் பெரிதாக இருக்கிறது. உங்களை அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்க வைத்துவிட்டேனே என்று அடிக்கடி சொல்கிறார்.

முட்டிக்கு வெயிலில் கொஞ்சம் உட்காருங்கள் பெரியம்மா.

அன்புடன்,
இனியா

*

சோமனூர்
17.9.2024

என் தங்கம் இனியாவுக்கு, பெரியம்மா எழுதுவது. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

அந்த அம்மாள் சொன்னது முக்கியமில்லை என்று எழுதியிருக்கிறாய். தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம், கண்ணு. எனக்குக் காது போகும் முன்பே அது பழகிவிட்டது. பெல் பேசியது எனக்குத் தெரியாது, அதற்கு உதடு இல்லை. ஆனால் அந்த அம்மாள் திரும்பியது என் பக்கம். "ஊடு கூட்டறவ புள்ளையவா எந் தலையில கட்டப் பாத்தீங்க?" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்.

அதைப் பார்த்த பிறகும் நான் உன் பெரியப்பா பின்னால் போய் அவர்கள் வண்டியில் ஏறினேன். வண்டி திரும்பும்போது உங்கள் கட்டடம் தெரிந்தது. ரோட்டைக் கடந்தால் உங்கள் வீடு. நான் குனிந்து சேலை மடிப்பைச் சரி செய்தேன். ஊருக்கு வந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உன் அம்மாவுக்கு எழுதினேன். தெரியும் என்று எழுதினால், பின்னே ஏன் ஏறி வரவில்லை என்று அவள் கேட்பாளே.

இந்தக் கூத்துக்கு வழி சொன்னதே நான்தான். உன் அம்மா அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். அவள் யாரையும் காட்டிக் கொடுக்கிறவள் இல்லை.

நேற்று உன் பெரியப்பாவிடம் எல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்தினார். "எனக்கும் அவியளுக்கு முன்னால தல நிமிரலையே. அதான் கெளம்பிப்போட்டேன்" என்றார். இந்த மனுசனுக்கு அதைச் சொல்ல நாலு மாசம் ஆகியிருக்கிறது.

தீபாவளி கழித்து நான் மட்டும் வாரேன் என்று உன் அம்மாவிடம் சொல். பொடி, ஊறுகாய் ஏதாவது வேண்டுமென்றால் எழுது.

பெரியம்மா

*

தென்கரை நகர்
6.10.2024

அக்காவுக்கு, பழனா. நலம். நீங்கள்?

இனியா உங்கள் கடிதத்தைக் காட்டினாள். எனக்கும் எழுத வருகிறது இப்போது.

சைத்ரா அம்மா பெங்களூரிலிருந்து வந்ததும் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டுவார் என்று நின்றேன். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே பழனி" என்றார். கொடுத்திருப்பாரோ என்னவோ. கேட்கிற இடத்தில் நான் என்னை வைத்துக்கொள்ளவில்லை அக்கா. பெருக்குகிறவள் சோபாவைக் கேட்பதா என்று நானே நினைத்தேன். எடுத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது, கேட்பதுதான் முடியவில்லை.

இப்போது கீழே இட்லிக் கடை வைத்திருக்கும் நஸ்ரியாவுக்கு மாவு அரைத்துக் கொடுத்து, கூட நிற்கிறேன். கதிர் இனியாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினானாம், அன்றைக்கு ஏறி வந்திருக்க வேண்டும், மன்னித்துவிடுங்கள் என்று. அவள் பதில் போடவில்லை. ஆனால் அவள் அப்பாவிடம் அந்த பால்கனி விசயத்தைச் சொல்லி அழுதாள். அவர், "விடும்மா, நானும் உன்னத் தெரியாத மாதிரிதான நின்னேன்" என்றார்.

மாடி ஏற உங்கள் முட்டி தாங்காது. வர வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வாங்க அக்கா. இட்லிப் பொடி மட்டும் கொண்டுவாருங்கள்.

பழனா

*

சோமனூர்
24.11.2024

என் கண்ணு பழனாவுக்கு, அக்கா சுகமாக வந்து சேர்ந்தேன். முட்டி வீங்கித்தான் இருக்கிறது, ஒத்தடம் கொடுக்கிறேன். அதற்காக நீ வருத்தப்படாதே. மாடிக்கு மாடி நாற்காலி போட்டு உட்கார வைத்த உன் பிளாக்காரர்களுக்கு நான் விசாரித்ததாகச் சொல். உன் வீட்டுக்காரர் கைத்தாங்கலாக ஏற்றி விட்டதை உன் மாமாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், மனசில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ரயிலில் என் எதிரில் சூலூர்க்கார அம்மா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். என் வயசுதான். வாயைத் திறந்து நிதானமாகப் பேசுகிறவர், அதனால் எனக்கு எல்லாம் புரிந்தது. மகள் பிரசவத்துக்கு வந்து திரும்புகிறாராம். பேச்சுவாக்கில், "நீங்க மெட்ராசுல எங்கீங்க இருந்தீங்க?" என்றார்.

நான், "பெசன்ட் நகருங்க" என்றேன்.

அந்தப் பேர் எங்கிருந்து என் வாய்க்கு வந்ததென்றே தெரியவில்லை. ஒரு வாரம் உன் வீட்டில் படுத்து, நஸ்ரியா கடையில் சாப்பிட்டு, இனியா மடியில் தலை வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த அம்மாவிடம் நான் பெண் கொடுக்கப் போவதும் இல்லை, எடுக்கப் போவதும் இல்லை. இருந்தும் சொல்லிவிட்டேன். இனியா கட்டிக் கொடுத்த சோற்றை மடியில் வைத்துக்கொண்டு பிரிக்கவே முடியவில்லை.

சேலத்தில் வண்டி நின்றது. அந்த அம்மா கொய்யாப்பழம் வாங்கி எனக்கொன்று நீட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, நான் பொய் சொல்லிப்போட்டேனுங்க. பெசன்ட் நகர் இல்லீங்க. தென்கரை நகர்னு, ஆத்தோரத்துச் சனத்தையெல்லாம் கொண்டுபோயி உட்ட எடமுங்க. அங்கதான் என் தங்கச்சி இருக்கறா. ஊட்டு வேலைக்குப் போயிட்டு இருந்தவ, இப்ப இட்லிக் கடையில நிக்கறா" என்றேன். காது கேட்காதவள் அல்லவா, எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, நாலு சீட் தள்ளி இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், உயிர் அதில்தான் இருப்பது போல. "அப்படீங்களா" என்றார். பழத்தைக் கடித்துக்கொண்டே, "அங்க தண்ணி ஒழுங்கா வருதுங்களா?" என்று கேட்டார்.

"ஒருநாள் உட்டு ஒருநாள் வருதுங்க" என்றேன்.

"பரவால்லீங்களே. எங்களுக்குப் பத்து நாளைக்கு ஒருக்காத்தானுங்க" என்றார்.

அவ்வளவுதான் பழனா. வண்டி புறப்பட்டது. பார்த்தவர்கள் அவரவர் போனுக்குத் திரும்பிவிட்டார்கள். ஒன்றுமே ஆகவில்லை. நான் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, இவ்வளவுக்காகவா நாம் அதையெல்லாம் செய்தோம், அந்தப் பெண்ணை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம் என்று நினைத்தேன். ஈரோடு வரைக்கும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அந்த அம்மா எனக்குக் காது வலி என்று நினைத்துக்கொண்டு, பையிலிருந்து பஞ்சு எடுத்துக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

மழைக்காலம், படியில் வழுக்காமல் நட. உன் வீட்டுக்காரரையும் இனியாக் கண்ணையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
மாசாணியம்மாள்